கொசுறாகப் போனவர்

சேவுகப்பெருமாளின் விலை பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். வரி தனி.

மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் கழுத்தில் விலையை எழுதித் தொங்கவிடுவதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். தான் எவ்வளவுக்குப் போனோம் என்று மாட்டுக்கே தெரியாது. அந்த மரியாதைகூட சேவுகப்பெருமாளுக்குக் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் அரண்மனையை ஒட்டிய சந்தில், ஒரு பழம்பொருள் கடைச் சுவரில், ஓடாத கடிகாரத்துக்கும் ரசம் போன நிலைக்கண்ணாடிக்கும் நடுவே அவர் ஃபிரேமுக்குள் உட்கார்ந்திருந்தார். ஃபிரேமின் ஆணியில் நூல், நூலில் சீட்டு, சீட்டில் விலை. விலைக்குக் கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், தஞ்சாவூர் அரச குடும்பத்து இளவரசர், சுமார் 1910 என்று போட்டிருந்தது.

சித்ரா சீட்டை இரண்டு தரம் படித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். 1910இல் இந்த இளவரசர் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது கொத்தமங்கலத்தில், நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம். அவர் அவளுடைய அப்பா.

காலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பும்போது இந்தக் கடையெல்லாம் திட்டத்தில் இல்லை. மகள் சினேகாவுக்குக் கல்யாணம். தஞ்சாவூரில் வீட்டுக்காரரின் அத்தை மகனுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும், வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்காரர் நாகநாதன், வேளாண்மை அலுவலகத்தில் முப்பது வருஷம் உரக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், ஊர் ஊராகக் கல்வெட்டுப் பலகை படிப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவர், பிடிவாதமாக நின்றுவிட்டார்.

"ராஜாக்க இருந்த ஊருக்கு வந்துட்டு அரண்மனையைப் பாக்காமப் போனா, நாளைக்கு நாலு பேரு கேப்பாக."

"யாரு கேக்கப்போறாக? ஒங்க உர மூட்டையா?" என்றாள் சித்ரா. ஆனாலும் சீட்டு எடுத்தாள்.

செக்காலை ரோட்டில் அவளுக்குப் பாத்திரக்கடை. பித்தளையையும் எவர்சில்வரையும் தராசில் வைத்தே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவளுக்கு அரண்மனை வேறு விதமாகத்தான் தெரிந்தது. தர்பார் மண்டபத்தில் நாகநாதன் தலையை அண்ணாந்து, "இங்குட்டு உக்காந்துதான் ராஜா வழக்குக் கேட்டுருக்காரு சித்ரா" என்று உருகினார். "உக்காந்தாரு, சரி. இத்தனை தூணுக்கும் சுண்ணாம்பு அடிக்க யாரு காசு? நம்ம மாதிரி ஆளுக கட்டுன வரிதான்" என்றாள் அவள். கலைக்கூடத்தில் ஐம்பொன் சிலைகளின் முன்னால் மட்டும் அவள் வாய் மூடியது. பழக்கத்தில் மனசு கிலோவுக்கு இவ்வளவு என்று ஆரம்பித்தது; பார்வதியின் முகத்தைப் பார்த்ததும் தராசை இறக்கி வைத்துவிட்டது. சிலதுக்கு விலை கேட்பதே தப்பு என்று அவள் நினைத்தது அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்புதான். வெளியே வந்து தலையாட்டி பொம்மை வாங்கலாம் என்று சந்துக்குள் திரும்பினால், சொந்தத் தகப்பன் நூலில் கட்டித் தொங்குகிறார்.

சந்தேகத்துக்கே இடமில்லை. இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு இறங்கிய வடு, மஞ்சுவிரட்டில் மாடு கிழித்தது. உடம்பில் கறுப்புக் கோட்டு. அது காரைக்குடியில் படம் பிடித்த கடைக்காரனுடையது, கடலை விற்ற காசில் ஒரே ஒரு தடவை படம் எடுத்துக்கொள்ளப் போனபோது மாட்டிவிட்டது. கோட்டுக்குக் கீழே வேட்டி. வேட்டிக்குக் கீழே வெறுங்கால். ஃபிரேம் மட்டும் அவர் தகுதிக்கு மீறியது. அவர் செத்தபோது, அவர் நிலம் பார்த்துக்கொண்ட பெரிய வீட்டு ஆச்சி, தன் வீட்டு லட்சுமி படத்தைக் கழற்றிவிட்டுக் கொடுத்த ஃபிரேம் அது. கண்ணாடியில், நெற்றி இருக்கிற இடத்தில், காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா வைத்த பொட்டு.

இந்தப் படத்தைத்தான் கறையான் தின்றுவிட்டது என்று தம்பி பாண்டீஸ்வரன் சொல்லியிருந்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கொத்தமங்கலத்து ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டினானே, அப்போது. ஃபோனில் குரல் தழுதழுக்க, "யக்கா, மோசம் போயிட்டோம்க்கா, அப்பா படத்தைக் கறையான் அரிச்சிருச்சு" என்றான். சித்ரா கடையைப் பூட்டிவிட்டு அழுதாள். அம்மா அதற்கப்புறம் இரண்டு வருஷம் உயிரோடிருந்தாள். அந்த இரண்டு வருஷமும் கண்ணில் பட்ட புற்றையெல்லாம் கடப்பாரையால் குத்தி மண்ணெண்ணெய் ஊற்றினாள். சாகிற வரைக்கும் கறையானைத்தான் திட்டினாள். பாவம், ஒரு குற்றமும் செய்யாத கறையான்.

"நல்லவேளை, ஃபோன்ல பிடிச்சு வச்சுருந்தேன்" என்று தம்பி பிறகு ஒரு படத்தைக் கொண்டுவந்தான். ஸ்டூடியோவில் கொடுத்துச் சரிசெய்தானாம். அதில் அப்பா சிவப்பாக இருந்தார். வடு இல்லை. உதடு ரோஸ் நிறம். புருவம் மை தீட்டியது போல. மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி இருந்தாரே தவிர அப்பா மாதிரி இல்லை. ஆனாலும் வேறு கதியில்லாமல் அந்தச் சிவப்பு மனிதரைத்தான் சினேகாவின் கல்யாணப் பத்திரிகையில் 'தெய்வத்திரு' என்று போட்டு அறுநூறு பிரதி அடித்திருந்தார்கள். அதில் ஒன்று இப்போது அவள் கைப்பையில் இருந்தது.

சித்ராவின் காதுமடல் சுட்டது. அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் "இது எங்கப்பா" என்று கத்தியிருப்பார்கள். அவள் வியாபாரி. வாங்க வந்தவனின் தேவை தெரிந்துவிட்டால் விற்கிறவனின் வாய் எவ்வளவு அகலும் என்று அவளுக்குத் தெரியும், அவளே அகட்டியிருக்கிறாள். முகத்தைத் துணி போட்டு மூடியது போல வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்து, "இது என்ன விலை?" என்று ஆரம்பித்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். நாகநாதன் கடைக்குள் வந்தார். படத்தைப் பார்த்தார். வருஷா வருஷம் திதிக்கு இந்தப் படத்தின் முன்னால்தான் இலை போட்டுப் படைத்துக் கும்பிட்டவர். மூளை யோசிப்பதற்கு முன்னால் கால் யோசித்துவிட்டது. சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"சார், செருப்போடயே வரலாம், இது கோயில் இல்லைங்க" என்றார் கடைக்காரர். செம்மலை என்று பெயர். வெள்ளைச் சட்டை, விரலுக்கொரு மோதிரம், தேன் தடவிய குரல்.

"இல்ல, மாமா..." என்று நாகநாதன் தொடங்க, சித்ரா அவர் பாதத்தை மிதித்தாள். வெறுங்கால் என்பதால் நன்றாகவே பட்டது.

"எங்க வீட்டுக்காரரு அப்படித்தான்" என்றாள். "பழைய சாமான் எதைப் பாத்தாலும் கும்பிட்டுருவாரு. என்னையும் சேத்துத்தான்."

செம்மலை சிரித்தார். ஆனால் சித்ரா அவர் கண்ணைப் பார்த்தாள். கல்லாவில் உட்கார்ந்தவர்களின் கண் அது; செருப்பு கழன்றதைக் குறித்துக்கொண்டுவிட்டது.

அவள் வெற்றிலைப் பெட்டியை விசாரித்தாள், கடிகாரத்தை விசாரித்தாள், வேண்டாத ஒரு மணியை ஆட்டிப் பார்த்து ஓசை சரியில்லை என்றாள். போகிற போக்கில், மணியை வைத்துக்கொண்டே, "அந்தாளு படம்?"

"அதும்மா..." செம்மலை குரலை இறக்கினார். "சாதாரண ஆளில்லைங்க. ராஜா வீட்டு இளவரசர். அந்தப் புருவத்தப் பாருங்க, சண்டையில பட்ட வாள் வெட்டு."

"1910ல என்ன சண்டை நடந்துச்சு?" என்றார் நாகநாதன். பலகை படிக்கிற புத்தி சும்மா இருக்காது.

"புலி வேட்டையின்னும் சொல்றாங்க" என்று செம்மலை உடனே சரக்கை மாற்றிக்கொண்டார்.

அதற்குள் உள்பக்கமிருந்து ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். இளவயது. பெங்களூரில் காபிக்கடை திறக்கப் போகிறவர்கள். கடைச் சுவரில் மாட்ட அவர்களுக்கு ஆறு முன்னோர் வேண்டும். செம்மலை அப்படித்தான் சொன்னார், ஆறு தேங்காய் வேண்டும் என்பது போல. "நாலு ஆச்சு. இவரு அஞ்சாவது. சாப்பிட்டு வந்து ஆறாவதைப் பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

அந்தப் பெண் சேவுகப்பெருமாளின் முன்னால் நின்று தலையைச் சாய்த்தாள். "இவர் ஃபேஸ்ல ஒரு கோபம் இருக்குல்ல? ஒயிட் வால்ல சூப்பரா இருக்கும். அந்தப் பொட்டை மட்டும் துடைக்காதீங்க, அண்ணா. அதான் அழகே."

அவர்கள் சாப்பிடப் போனார்கள். கோபம் அந்தப் படத்தில் மட்டும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

சித்ராவுக்கு இனி நேரமில்லை. ஒரு பொருளின் விலையை இறக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். செக்காலை முழுக்க எல்லாருக்கும் தெரிந்த வழியும் அதுதான். சரக்கைக் குறை சொல்ல வேண்டும். குடமானால் அடி சப்பை என்பார்கள். அண்டாவானால் வாய் நெளிசல். கூச்சமில்லாமல், பொருளுக்கு மனசு இருந்தால் செத்துப்போகிற மாதிரி சொல்ல வேண்டும். அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இளவரசருங்கிறீக. காலைப் பாருங்க, வெறுங்காலு. எந்த ராஜா செருப்பில்லாம படம் எடுத்தான்?"

"அந்தக் காலத்து எளிமைம்மா."

"கோட்டு அளவு பத்தலை. கை ஏறி நிக்குது. இரவல் கோட்டு."

செம்மலை கோட்டின் கையை உற்றுப் பார்த்தார்.

"முழி திருட்டு முழி" என்றாள். நாக்கு கசந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "பொழைக்கத் தெரியாத மூஞ்சி. கூலிக்கு மாரடிக்கிறவன் மூஞ்சி. இதைப் போயி சுவத்துல மாட்டினா வீடு வெளங்குமா? பன்னெண்டாயிரமாம். பேப்பருக்கு ஐநூறு குடுத்தாலே சாஸ்தி."

பின்னால் நாகநாதன் "சித்ரா" என்று மெல்லச் சொன்னது கேட்டது. அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா போனார். அதுவரைக்கும் அவளைத் தரையில் நடக்க விடாதவர். அவரைத்தான் இப்போது, முகத்துக்கு நேராக, சந்தைச் சரக்கைப் போல.

செம்மலையும் வியாபாரி. படத்தில் அடி விழுந்ததும் வேறு பக்கம் சாய்ந்தார். "சரிம்மா, படத்த விடுங்க. ஃபிரேமைப் பாருங்க. பர்மா தேக்கு. கண்ணாடி பெல்ஜியம். படம் இல்லாம வெறும் ஃபிரேமே பன்னண்டாயிரத்துக்குக் கண்ண மூடிக்கிட்டுப் போகும்."

"என்ன போகுமோ. மூக்கைப் பாருங்க, முருங்கைக்காய் கணக்கா, நுனியில கோணல்."

செம்மலை மூக்கைப் பார்த்தார். பிறகு சித்ராவைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"மூக்க மட்டும் குறை சொல்லாதீங்கம்மா" என்றார் நிதானமாக. "அச்சு அசல் உங்க மூக்கு."

நாகநாதன் குனிந்து செருப்பைத் தேடினார்.

"பதினஞ்சாயிரம்" என்றார் செம்மலை. "சொந்தக்காரங்கன்னா மதிப்பு கூடத்தானே செய்யும்."

சித்ரா வெளியே வந்தாள். எதிரில் இளநீர் வண்டி. இரண்டு வெட்டச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள். தம்பியை நேராகக் கேட்டால் கறையானைத்தான் கொண்டுவந்து நிறுத்துவான். அவன் கொத்தமங்கலத்தில் மனை புரோக்கர். திட்டினால் தாங்குவான், அடித்தால் தாங்குவான், ஏமாந்தாய் என்றால் மட்டும் தாங்க மாட்டான். அவனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

"டேய் பாண்டி, தஞ்சாவூர்ல நிக்கிறேன். இங்குட்டு ஒரு கடையில நம்ம அப்பா படத்துக்கு இருந்துச்சே, அதே மாதிரி தேக்கு ஃபிரேமு. என்ன விலைங்கிற? பன்னெண்டாயிரம்."

"பன்னெண்டாயிரமா?" அவன் குரல் ஏறியது. "அடப்பாவி, அந்த மாயக்கண்ணன் எனக்கு எண்ணூறுதானக்கா குடுத்தான்."

மாயக்கண்ணன் காரைக்குடியில் பழைய சாமான் எடுக்கிறவன். இடித்த வீடுகளைத் தேடிப் போய்க் கதவு நிலை, தூண், பெட்டி எல்லாம் எடைக்கு வாங்குகிறவன்.

மறுமுனையில் பாண்டி, தான் சொன்னதை இப்போதுதான் காதில் வாங்கியிருந்தான்.

"எண்ணூறு" என்றாள் சித்ரா. "படத்துக்கு எவ்வளவு?"

"யக்கா, அது வந்து..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. படத்துக்கு எவ்வளவு குடுத்தான்?"

"படத்துக்குத் தனியா ஒண்ணும் குடுக்கலக்கா. சேத்துத்தான்."

கருவேப்பிலை. கொத்தமல்லி. நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால் பைக்குள் ஒரு கொத்து சும்மா போடுவார்களே, அப்படி. சேவுகப்பெருமாள் விற்கப்படவே இல்லை. கொசுறாகப் போயிருக்கிறார்.

இளநீர்க்காரர் நீட்டிய காயை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இத்தனை வருஷமாகக் கடைக்கு வந்த யாரிடமும் இப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததில்லை, ஏமாற்றியவர்களிடம்கூட. ஏமாற்றுகிறவன் பொருளுக்கு ஒரு விலை இருக்கிறது என்றாவது நினைக்கிறான்.

திரும்பக் கடைக்குள் போனபோது முகத்தில் போட்டிருந்த துணியை எடுத்துவிட்டிருந்தாள்.

"ஆமா, எங்கப்பாதான்" என்றாள். "கொத்தமங்கலத்து விவசாயி. புருவத்துல இருக்கிறது மஞ்சுவிரட்டு வடு. இப்ப வியாபாரம் பேசுவோமா?"

"பேசலாம்மா. பதினஞ்சு."

"சீட்டுல பன்னெண்டாயிரத்து ஐநூறு இருக்கு. சீட்டு ஒங்க கையெழுத்து. வெறும் ஃபிரேமு பன்னெண்டாயிரம் போகும்னு சொன்னது ஒங்க வாயி. கழிச்சா என்ன நிக்குது?"

செம்மலை மோதிரத்தைத் திருகினார்.

"ஐநூறு" என்று அவளே சொன்னாள். "இந்தாங்க ஐநூறு. ஃபிரேமை வச்சுக்கிருங்க. பேப்பரைக் கழட்டிக் குடுங்க."

"அது எப்படிம்மா, தனித்தனியா விக்கறதில்ல..."

"வாங்கும்போது நீங்க ஃபிரேமுக்குத்தான் காசு குடுத்திருப்பீக. எங்க ஊருல வித்தவனும் ஃபிரேமுக்குத்தான் வாங்குனான். நடுவுல எங்கப்பாவுக்கு ஒரு பய பத்துப் பைசா குடுக்கல. நான்தான் மொத ஆளு குடுக்குறேன்." வாசலில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "வேணாமுன்னா இருக்கட்டும். பெங்களூர்க்காரப் பிள்ளைக சாப்பிட்டு வரட்டும். இளவரசரோட மகள்னு என்னை அறிமுகப்படுத்திக்கிறேன். இந்தா பாருங்க, பத்திரிகைகூட இருக்கு, தெய்வத்திரு சேவுகப்பெருமாள் பேத்தி கல்யாணம். குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிடுறேன். அப்புறம் அந்த மத்த நாலு முன்னோரு எந்த ஊருன்னு அவுகளே ஒங்களைக் கேப்பாக."

செம்மலை தெருவைப் பார்த்தார். தெருமுனையில் அந்தப் பெண்ணின் மஞ்சள் துப்பட்டா தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

ஃபிரேமைக் குப்புறப் போட்டு, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, பின்பலகையைத் தூக்கினார். அட்டையில் ஒட்டிய படம் கண்ணாடியை விட்டுப் பிரிய மனசில்லாமல் பிரிந்தது. சித்ரா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணாடி இல்லாமல் அப்பா இன்னும் கறுப்பாக இருந்தார். வடு இன்னும் ஆழமாக. இதுவரை ஜெயித்த மகிழ்ச்சியில் கொஞ்சம் மேலே போயிருந்த மனசு, அப்போதுதான் சரிந்தது.

நெற்றி வெறுமையாக இருந்தது.

பொட்டு கண்ணாடியில் இருந்தது. அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாக, வெள்ளி தவறாமல், விரல் நுனியால் வைத்து வைத்துத் தடித்துப்போன பொட்டு. அது செம்மலையின் பக்கம் போய்விட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தால் அப்பாவை ஐந்நூறுக்கு மீட்டவள், அதே கெட்டிக்காரத்தனத்தால் அம்மாவின் விரலைக் கடையில் விட்டிருக்கிறாள்.

"கண்ணாடியும் வேணும்னா..." என்று செம்மலை இழுத்தார். கண்ணில் மறுபடி கல்லா திறந்தது.

கைப்பையில் பணம் இருந்தது. நாகநாதனும், "வாங்கிருவோம் சித்ரா, காசு கெடக்குது" என்றார்.

"நான் வாங்க மாட்டேன்" என்றாள். "இது வேற ஒருத்தன் கணக்கு." செம்மலை பக்கம் திரும்பினாள். "இன்னும் பன்னெண்டு நாள்ல எங்க வீட்டுல கல்யாணம். அதுக்குள்ள கொத்தமங்கலத்துலேர்ந்து ஒருத்தன் வருவான். ஆளு உசரமா, தங்கப் பல்லு கட்டிருப்பான். அக்கான்னு அழுவான், தம்பின்னு சிரிப்பான். பன்னெண்டாயிரத்துல ஒத்த ரூவா கொறைக்காதீக. கண்ணாடியைத் துடைச்சீகன்னா மட்டும் நான் திரும்ப வருவேன்."

செம்மலையின் வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்குகிற பக்கத்து ஆளே விலையைக் குறைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் நூலை அவிழ்த்து, சீட்டில் ஐந்நூறை அடித்தார்.

வண்டி புதுக்கோட்டையைத் தாண்டியது. படம் மடியில், கல்யாணத்துக்கு எடுத்த துண்டுக்குள் இருந்தது. "திருட்டு முழின்னு சொல்லிட்டேன்ல?" என்று ஒரு முறை கேட்டாள். "வியாபாரத்துக்குத்தானே" என்றார் நாகநாதன். "ஆமா, வியாபாரத்துக்குத்தான். எங்க குடும்பத்துல எல்லாம் வியாபாரத்துக்குத்தான்" என்றாள். அவர் எதிரே வந்த ஊர்ப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். அந்த மனிதரிடம் உள்ள நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

கொத்தமங்கலத்தில் வெயில் இறங்கும் நேரம். பாண்டீஸ்வரன் வாசலுக்கே வந்து நின்றிருந்தான். உள்ளே கூடத்தில் புதுப் பித்தளைத் தாம்பாளங்கள் அடுக்கடுக்காக இருந்தன, ஐம்பத்தொன்று. தாய்மாமன் சீர். கேரளாவிலிருந்து செண்டை மேளம், மண்டபம் வரைக்கும் வெடி, நாற்பதடி ஃபிளெக்ஸ், எல்லாம் ஏற்பாடு செய்திருந்தான். ஃபிளெக்ஸில் சிவப்பு அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் பாண்டி அதைவிடப் பெரிதாக.

"யக்கா, அந்த நேரம் கையில காசில்லக்கா. கம்பி வாங்க, சிமெண்டு வாங்க..."

"எண்ணூறு ரூவாய்க்கு எத்தனை மூட்டை சிமெண்டுடா வரும்?"

"ரெண்டு."

"அப்பாவை ரெண்டு மூட்டை சிமெண்டா இந்தச் சுவத்துல பூசிருக்க. ஆத்தாளை மண்ணெண்ணெய் டின்னோட புத்துப் புத்தா அலையவிட்டுருக்க."

"மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அவன் நாகநாதனைப் பார்த்தான். நாகநாதன் ஃபிளெக்ஸில் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்ரா துண்டைப் பிரித்துப் படத்தை அவன் முன் நீட்டினாள். அவன் பார்த்தான். அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அழுகை அவனுக்குக் கைவந்த சரக்கு. ஆனால் அவன் முகம் சுருங்கிக் கடுத்தது.

"ஒனக்கு அப்பாக்கா. தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாரும்ப, மிட்டாய் வாங்கித் தந்தாரும்ப. அவரு போகும்போது எனக்கு மூணு வயசு. எனக்கு அவரு குரல்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை விழுந்து கும்புடுன்னு ஆத்தா சொல்லும், விழுவேன். எனக்கு அவரு ஃபிரேமுதான். ஃபிரேமைத்தான் வித்தேன்."

அவன் அன்றைக்குச் சொன்னவற்றில் பொய் கலக்காதது அது ஒன்றுதான். சித்ராவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் கோபம் குறையவில்லை; நின்று நிதானமாக எரிந்தது. படத்தை மறுபடி துண்டில் சுற்றினாள்.

"சரிதான்" என்றாள். "என் அப்பனை நான் வாங்கிட்டேன். ஒன் அப்பன் தஞ்சாவூர்ல சும்மா கெடக்குறாரு, ஆத்தா வச்ச பொட்டோட. நீ போயி வாங்கிட்டு வா. சீருக்கு அம்பத்தியொரு தட்டு வேணாம். மேளம் வேணாம். ஒத்தத் தட்டுல அந்தக் காலி ஃபிரேமைத் தலையில வச்சு மண்டபத்துக்கு நடந்து வா."

"காலி ஃபிரேமா? ஊரு சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். என்னன்னு கேப்பாக. கறையான் தின்னது போக மிச்சம்னு சொல்லு."

"வரலைன்னா?"

"தாய்மாமன் நாற்காலியில இந்தப் பேப்பரை உக்கார வச்சு மாலை போடுறேன். நீ பந்தியில சாப்புட்டுப் போ. கொசுறா."

தாம்பாளங்களை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கடையில் வாங்கியதில்லை. கனம் குறைவான சரக்கு. யாரோ அவனை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமலே வந்து வண்டியில் ஏறினாள்.

மறுநாள் காலை கடை திறந்து, ஊதுபத்தி ஏற்றி, கல்யாணச் செலவு எழுதுகிற நோட்டைப் பிரித்தாள். தஞ்சாவூர் என்று தலைப்புப் போட்டாள். டீசல் 1,800. அரண்மனைச் சீட்டு, இரண்டு பேர், 100. சாப்பாடு 360. இளநீர் இரண்டு, 120. அப்பா 500. கூட்டினாள்: 2,880. கைப்பையில் மீதி சரியாக இருந்தது.

அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே எழுதினாள்: பாண்டி, ஃபிரேம் ஒன்று, கண்ணாடியில் பொட்டோடு, 12,000. பாக்கி.